தெலுங்கு வீட்டைக் கணக்கெடுத்தது

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திய ஒருவன், அச்சில் வரும்படி எழுத உட்காருவது அதிகப்பிரசங்கித்தனம் என்று எனக்குத் தெரியும். நாலு பேர் கூடியிருக்கும் இடத்தில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடக் கூசுகிறவன் நான். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

எழுதத் தோன்றியதற்குக் காரணம் பேப்பரில் படித்த ஒரு சேதி. ஸ்பானிஷ் பேசும் நாடுகளிலிருந்து அமெரிக்காவில் வந்து குடியேறியவர்களை அங்கே ஜனத்தொகைக் கணக்கில் எப்படி எழுதுவது என்று பெரிய தர்க்கமாம். நிறத்தைப் பார்த்து எழுதுவதா, பேச்சைப் பார்த்து எழுதுவதா, பாட்டன் பிறந்த ஊரைக் கேட்டு எழுதுவதா? அந்தப் பாஷையில் ஒரு வார்த்தையும் தெரியாத பேரப்பிள்ளைகளைச் சேர்ப்பதா, விடுவதா? முடிதிருத்தும் கடையில் உட்கார்ந்து இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கத்தி கழுத்தில் இருந்த நேரம். கடைக்காரர் கோபித்துக்கொண்டு, அப்படி என்ன சிரிப்பு என்று கேட்டார். வழக்கம்போல என்னால் சொல்ல முடியவில்லை. அவருக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

நாற்பத்தொன்றில் ஜனத்தொகைக் கணக்கு எடுத்தார்கள். யுத்த காலம். எங்கள் பக்கம் அப்போது சேலம் ஜில்லாவில் சேர்ந்திருந்தது. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்திடம் நான் நகல் எழுதிக்கொண்டிருந்தேன். கணக்கெடுக்க ஆள் வேண்டும் என்று தாலுகாவிலிருந்து உத்தரவு வந்ததும் கர்ணம் என் பெயரைக் கொடுத்துவிட்டார். எனக்கு வாய் இல்லையே என்று தயங்கினேன். இந்த வேலைக்கு வாய் எதற்கு, அவர்கள் சொல்வதை எழுதுவதற்குக் கை இருந்தால் போதும் என்றார். சம்பளம் எதுவும் கிடையாது என்பதையும் அதே மூச்சில் சொன்னார்.

வாய்தான் முக்கியம் என்பது முதல் வீட்டிலேயே தெரிந்துவிட்டது. ஆளுக்கு ஒரு சீட்டு. பெயர், வயது, மதம், தொழில் இவையெல்லாம் போகட்டும். கல்யாணமான பெண்களிடம் எத்தனை பிள்ளை பெற்றாய், முதல் பிள்ளை பிறந்தபோது உனக்கு என்ன வயது என்று கேட்கவேண்டும். எங்கள் குடும்பம் வளையல் விற்கும் குடும்பம். என் தகப்பனார் சுற்றுவட்டாரத்தில் பிடிக்காத கை கிடையாது. ஒரு கையில் வளையல் ஏற்றி முடிப்பதற்குள் அந்த வீட்டு மாமியார் சண்டை வரைக்கும் விசாரித்துவிடுவார். நானோ, முதன்முதலில் எனக்கென்று நீட்டிய கையைப் பார்த்ததும் வளையல் பெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தவன். அதனால்தான் என்னைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பினார்கள். அப்படிப்பட்டவன் இந்தக் கேள்விகளைக் கேட்க ஒரு வழி கண்டுபிடித்தேன். வீட்டுத் தூணைப் பார்த்துக் கேட்பேன். தூண் இல்லாத ஒரு வீட்டில் உறியில் தொங்கிய பூசணிக்காயைப் பார்த்துக் கேட்டேன். அந்த அம்மாளும் பூசணிக்காயைப் பார்த்தே பதில் சொன்னாள்.

பாஷையைப் பற்றி இரண்டு கேள்விகள் இருந்தன. தாய்மொழி என்ன, அதைத் தவிர வேறு எந்தப் பாஷை பேசுவாய். எங்கள் ஊரில் தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், மேற்கேயிருந்து வந்து கன்னடம் பேசுகிறவர்கள் எல்லோரும் உண்டு. எங்கள் வீட்டில் தெலுங்குதான். என் வீட்டுச் சீட்டுகளை யாரையும் கேட்காமலே எழுதிவிட்டேன். மற்றவர்கள் விஷயத்தில், அவர்கள் சொல்வதை எழுது, எதிர்க்கேள்வி கேட்காதே என்பது உத்தரவு. எனக்கு இதைவிடப் பிடித்த உத்தரவு சர்க்கார் போட்டதில்லை.

ஊரில் நிலம் அதிகம் உள்ள குடியானவர் ஒருவர் இருந்தார். அவருடைய முன்னோர்கள் எந்தக் காலத்திலோ தெலுங்கு தேசத்திலிருந்து வந்தவர்கள். அந்தக் கூட்டத்தார் எங்கள் பக்கம் பல ஊர்களில் பரவியிருந்தார்கள். தங்களுக்குள்ளேதான் பெண் கொடுத்து எடுப்பார்கள். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்களா என்பதை முதலில் விசாரிப்பார்கள். இவர் வீட்டிலோ சோறு கேட்பது, சண்டை போடுவது, கடவுளைத் திட்டுவது எல்லாம் தமிழில்தான். அந்த வீடு தமிழ் வீடாகிவிட்டது என்று சொல்லியே அவருடைய மகளுக்கு வந்த இரண்டு இடங்கள் தட்டிப்போயின. பெண்ணுக்கு வயதாகிக்கொண்டு வந்தது. மூன்றாவதாகக் கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தது. அது சுத்தமான தெலுங்கு வீடு என்றும், மாப்பிள்ளையின் அத்தை வாயைத் திறந்தால் தெலுங்கு அருவிமாதிரி கொட்டும் என்றும் பேச்சு. முந்தின இரண்டு இடத்துக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த பெண், இந்த மாப்பிள்ளையை மொரப்பூர்ச் சந்தையில் தூரத்திலிருந்து பார்த்த பிறகு இரண்டு வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டாள் என்று அவள் தாயார் எங்கள் வீட்டில் வளையல் எடுக்கும்போது சொல்லியிருந்தாள். இதுவும் போய்விட்டால் பெண்ணின் கதி என்ன என்பதுதான் அந்த வீட்டின் கவலை.

அந்தக் குடியானவர் ஒருநாள் என்னைக் கிணற்றடியில் மடக்கினார்.

"தம்பி, எங்க வூட்ட மட்டும் இப்ப வுட்டுரு. மாப்ள வூட்டுக்காரங்க பொண்ணு பாக்க வர்ற அன்னிக்கு வந்து, அவங்க முன்னால கேளு. தெலுங்குன்னு சொல்லுவன், எழுதிக்க. சர்க்காரே எழுதிட்டா அப்புறம் எவன் பேசுவான்?"

நீங்கள் என்ன சொன்னாலும் எழுதத்தான் வேண்டும் என்றேன். அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ராஜ வம்சம் என்று சொன்னால்கூட எழுதுவாயா என்று கேட்டார். அப்படி ஒரு கேள்வி சீட்டில் இல்லை என்றேன். கொஞ்சம் ஏமாற்றமாகப் போனார்.

வீட்டில் தெலுங்கு பேசுகிற என்னிடம் நாலு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்று அவருக்குத் தோன்றவில்லை. தோன்றினாலும் கேட்டிருக்கமாட்டார். எங்களுடையது வளையல்காரத் தெலுங்கு, அவர்களுடையது வேறு என்பது அவர் எண்ணம். அதோடு தனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும் என்று அவர் மனதார நம்பினார். அதற்குக் காரணம் இருந்தது. அந்த வீட்டில் எல்லாவற்றுக்கும் தமிழ் வந்துவிட்டாலும் மாடுகளுக்கு மட்டும் தமிழ் வரவில்லை. கன்றைப் பழக்கும்போது, தாத்தன் என்ன சொல்லிப் பழக்கினானோ அதைச் சொல்லித்தான் பழக்குவார்கள். வா, நில், திரும்பு, பின்னால் போ எல்லாம் தெலுங்கு. இவர் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை ஏர் ஓட்டியும் கிணற்றில் கவலை பூட்டி நீர் இறைத்தும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார். நாள் முழுக்கத் தெலுங்கு பேசுகிற மனிதர் தனக்குத் தெலுங்கு தெரியாது என்று எப்படி நினைப்பார்?

அவர்கள் வந்த அன்று நான் சீட்டுக்கட்டு, மைக்கூடு, பேனாக்கட்டை எல்லாவற்றோடும் நேரத்திலேயே போய் மூலையில் உட்கார்ந்துவிட்டேன். மாப்பிள்ளை, அவர் தகப்பனார், அத்தை மூன்று பேரும் வண்டியில் வந்து இறங்கினார்கள். எங்கள் குடியானவர் வாசலில் நின்று கைகளைக் கூப்பி வரவேற்றார்.

"ரா, ரா. இட்டு ரா. மெல்லகா. தல வஞ்சு."

வா, இப்படி வா, மெதுவாக, தலையைக் குனி என்று அர்த்தம். நுகத்தடி பூட்டும்போது சொல்வது. நிலைப்படி தாழ்வாக இருந்ததால் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் பயபக்தியோடு தலையைக் குனிந்து உள்ளே வந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன்.

விரித்திருந்த ஜமுக்காளத்தின் ஓரத்தில் வந்தவர் உட்காரப்போனார். இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வசதியாக உட்காரட்டும் என்று இவர் கையைக் காட்டி, "வெனக்கு, வெனக்கு" என்றார். பின்னால், பின்னால். சுவருக்கு அந்தப் பக்கம்தான் மாட்டுக்கொட்டகை. வலத்து மாடு எழுந்து, கட்டுத்தறியை இழுத்துக்கொண்டு ஒழுங்காகப் பின்னால் போயிற்று. தவிட்டுப் பானை உடையும் சத்தம் கேட்டது. வந்தவர் தலையை மட்டும் ஆட்டினார். என்ன சொன்னாலும் அதே ஆட்டம்தான் ஆட்டினார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். வாயைத் திறந்து ஒரு வார்த்தை அவர் பதில் சொல்லவில்லை.

பெண் பலகாரத் தட்டோடு வந்து நின்றாள். எங்கள் குடியானவர் இப்போது தமிழுக்கு வந்து, அம்மா தெலுங்கு பேசிக் கேட்கவேண்டும் என்று வெகுநாளாக ஆசை, பெண்ணிடம் இரண்டு வார்த்தை பேசினால் வீடு நிறைந்துவிடும் என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார். மாப்பிள்ளையின் தகப்பனார் தன் தங்கையை, அடைமழையில் வீட்டில் இருக்கும் ஒரே குடையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அத்தை நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினாள்.

அவர்கள் வீட்டுச் சங்கதி எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அங்கேயும் அடுப்பங்கரை வரைக்கும் தமிழ் வந்துவிட்டது. ஆனால் அவர்களுக்குள் யாராவது செத்துப்போனால் பெண்கள் பழைய பாஷையில்தான் ஒப்பாரி வைப்பார்கள். அதில் அந்த அத்தைக்குச் சுற்றுப்பட்ட ஊர்களிலெல்லாம் பேர். எங்கே சாவு விழுந்தாலும் வண்டி அனுப்பிக் கூட்டிப்போவார்கள்.

அவள் பெண்ணின் முகவாயைத் தொட்டு, "தல்லீ, பங்காரு தல்லீ" என்றாள். தாயே, தங்கத் தாயே. நன்றாகத்தான் இருந்தது. எனக்கே மனம் குளிர்ந்தது. ஆனால் அவளுக்கு இரண்டாவது அடி ராகம் இல்லாமல் வராது. ராகம் வந்தது. ராகம் வந்ததும் கை தானாக மார்புக்குப் போயிற்று. "மம்முல விடிச்சி எக்கட போத்திவி தல்லீ" என்று நீட்டினாள். எங்களை விட்டுவிட்டு எங்கே போனாய் தாயே என்று அர்த்தம். பெண் தட்டைப் பிடித்துக்கொண்டு எதிரிலேயே நின்றிருந்தாள்.

அத்தோடு நின்றிருந்தால் சமாளித்திருக்கலாம். எங்கள் பக்கத்தில், ஒருத்தி ஒப்பாரி தொடங்கினால் அங்கே இருக்கிற பெண் அவளைத் தனியாக அழ விடக்கூடாது. உட்கார்ந்து, தோளைக் கட்டிக்கொண்டு, தானும் அழவேண்டும். அழாமல் நின்றால் பகை என்று அர்த்தம். பெண்ணின் தாயாருக்கு அந்த வார்த்தைகள் புரியவில்லை. ராகம் புரிந்தது. புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாய் திறந்தபடி இருந்தது. சம்பந்தம் பேச வந்த இடத்தில் பகை வேண்டாம் என்று முடிவு செய்தவளாக உட்கார்ந்து, அத்தையின் தோளைக் கட்டிக்கொண்டு, தமிழில் தொடங்கினாள். தொடங்கியதும் செத்துப்போன தன் தாயார் ஞாபகம் வந்துவிட்டது போலிருக்கிறது. நிஜமாகவே அழுதாள். அடுப்பங்கரையில் வேலையாக இருந்த பங்காளி வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், யார் எவர் என்று கேட்காமல் ஓடிவந்து சேர்ந்துகொண்டார்கள்.

தெரு கூடிவிட்டது. வாசலில் வந்து நின்றவர்கள் ஜமுக்காளத்தில் முழுசாக உட்கார்ந்திருந்த ஆண்களைப் பார்த்தார்கள். யாரும் செத்தமாதிரி இல்லை. மூலையில் சர்க்கார் காகிதத்தோடு நான் இருந்தேன். எங்கேயோ ஓர் ஊரில் கணக்கெடுப்பு என்று வந்து பையன்களைப் பட்டாளத்துக்கு எழுதிக்கொண்டு போய்விட்டார்கள் என்று ஒரு புரளி ஏற்கெனவே உலவிக்கொண்டிருந்தது. எல்லோரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள், பிறகு என்னைப் பார்த்தார்கள். ஒருவர் என் மைக்கூட்டை எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். எதிர்வீட்டுக் கிழவி முன்னால் வந்தாள்.

"வளையக்காரன் மவனே, உங்கப்பன் வூடு வூடாப் போயி வளையலு போட்டான். நீ வூடு வூடாப் போயி தாலியறுக்கக் கெளம்பிட்டியா?"

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்ல முயன்றேன். தூணைத் தேடினேன்.

பெண்தான் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். சத்தமாகப் பேசவில்லை. ஆனாலும் ஒப்பாரி நின்றுவிட்டது.

"அத்தே, யாரு செத்தாங்க?"

அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தாள். "யாருமில்ல கண்ணு. எனக்குத் தெரிஞ்ச தெலுங்கு இதுதான். சாவுக்குப் போயிப் போயி வந்தது."

"எங்கப்பாவுக்குத் தெரிஞ்சது மாட்டுக்குப் பேசறதுங்க அத்தே. மாமாவப் பின்னால போகச் சொன்னாரு. மாடு போயிருச்சு."

ஏர் ஓட்டும் காட்டுக்குத் தினமும் சோறு கொண்டுபோகிறவள் அவள். அவளுக்குத் தெரியாமலிருக்குமா? வாசலில் நின்ற கிழவி ஒன்றும் புரியாமல் என்னையே பார்த்தாள். பெண் பார்க்கும் இடத்தில் பல்லி சொன்னாலே எழுந்து போய்விடுவார்கள். இங்கே நாலு பெண்கள் சேர்ந்து ஒப்பாரி வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் தகப்பனார் மெதுவாகத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். எங்கள் குடியானவரின் முகம் செத்துப்போயிற்று. பெண் தட்டைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள்.

அத்தை அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னத்துக்குத் துண்ட எடுக்கற? உக்காரு. செத்துப்போனவங்களுக்கெல்லாம் சேதி சொல்லியாச்சு. இனி உசுரோட இருக்கறவங்களக் கூப்புடறதுதான் பாக்கி."

அதைக் கேட்டு மாப்பிள்ளைதான் முதலில் சிரித்தார். சிரிப்பை மறைக்கத் துண்டை வாயில் வைத்தார், அது இருமலாக வெளியே வந்தது. தகப்பனார் உட்கார்ந்தார். ஆனால் முகம் தெளியவில்லை. பிறகு மனதிலிருந்ததைக் கொட்டிவிட்டார். அவர்கள் ஊரில் போன வாரமே கணக்கெடுத்தாகிவிட்டதாம். எழுத வந்தவன் எதுவும் கேட்காமல் வீடு முழுக்கத் தமிழ் என்று எழுதிக்கொண்டு போய்விட்டானாம். அது இங்கே தெரிந்தால் பெண் கொடுக்கமாட்டார்கள் என்று பயந்துதான் தங்கையைக் கூட்டிவந்தாராம். இப்போது இந்த வீட்டைத் தெலுங்கு என்று எழுதினால், தெலுங்கு வீட்டில் தமிழ் வீட்டுக்காரன் பெண் எடுத்தான் என்று உறவில் பேச்சு வரும். ஆகையால் இங்கேயும் தமிழ் என்றே எழுதிவிடச் சொல்லி என்னைப் பார்த்தார்.

எங்கள் குடியானவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது, கோபத்தோடு. தமிழ் வீடு என்று சொல்லித்தானே இரண்டு இடம் தட்டிப்போயிற்று, இப்போது நானே என் வாயால் தமிழ் என்று சொல்வதா என்றார். இரண்டு பேரும் தங்களில் யார் அதிகத் தெலுங்கர் என்று வெகுநேரம் தமிழில் சண்டை போட்டார்கள். கடைசியில் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் என் பக்கம் திரும்பி, நீ சொல் என்றார்கள்.

மைக்கூட்டை எடுத்தவர் பக்கத்திலேயே நின்றிருந்தார். நான் பயந்துகொண்டே சொன்னேன். "சீட்டு வூட்டுக்கு ஒண்ணு இல்லைங்க. ஆளுக்கு ஒண்ணுங்க. அவங்கவங்க சொல்றதத்தான் எழுதணும்."

ஒரு வீட்டுக்குள் இருக்கிறவர்கள் தனித்தனி ஆட்கள் என்பது அவர்கள் இருவருக்கும் அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நினைக்கிறேன்.

மைக்கூடு திரும்பி வந்தது. குடியானவரைக் கேட்டேன். தாய்மொழி தெலுங்கு என்றார் அழுத்தமாக. வேறு பாஷை உண்டா என்று கேட்டதற்கு, தமிழ், வேறு வழியில்லாமல் என்றார். வேறு வழியில்லாமல் என்பதை எழுத இடம் இல்லை. அவருடைய மனைவி புருஷனைப் பார்த்தாள், சுவரைப் பார்த்தாள், அழுதது தமிழில்தானே, தமிழ் என்றே எழுது என்றாள். அடுத்தது பெண். வயதைக் கேட்டதும் தாயார் முந்திக்கொண்டு பதினாறு என்றாள். பெண் பத்தொன்பது என்றாள். தகப்பனார்கள் இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். பத்தொன்பது என்று எழுதினேன்.

தாய்மொழி கேட்டேன். நான் தூணைப் பார்த்துக் கேட்டதால் அவள் முகம் எனக்குத் தெரியாது, குரல்தான் கேட்டது.

"தமிழுதாங்கண்ணா. ரெண்டாவது கேள்விக்குத் தெலுங்குன்னு போடுங்க. எங்கப்பா மாட்டக் கூப்புடறது எனக்கு நல்லாப் புரியும். அத்தை அழுவறதையும் போகப்போகப் புரிஞ்சுக்குவன்."

அத்தை எழுந்துபோய் அவள் கீழே வைத்த தட்டிலிருந்து ஒரு பணியாரத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவர்கள் வழக்கத்தில், பெண் பார்க்க வந்தவர்கள் முடிவு சொல்லும் முன்னால் அந்த வீட்டில் வாய் நனைக்கமாட்டார்கள். அதைப் பார்த்ததும் தாயார் மறுபடியும் அழுதாள். இந்தத் தடவை யாரும் போய்ச் சேர்ந்துகொள்ளவில்லை.

மாப்பிள்ளையின் தகப்பனாரும் ஒரு பணியாரத்தை எடுத்தார். மென்றுகொண்டே சுவருக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினார்.

"சம்மந்தி, அந்த வலத்து மாட்டுக்கும் ஒரு சீட்டு போடச் சொல்லுங்க. இந்த வூட்டுல தெலுங்கு சொன்னா மறுபேச்சில்லாமக் கேக்கறது அது ஒண்ணுதான்."

மாட்டுக்குச் சீட்டு கிடையாது என்று நான் உத்தரவை எடுத்துச் சொன்னேன். எதற்கு எல்லோரும் அப்படிச் சிரித்தார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வாசலில் நின்றிருந்த கிழவிக்கு யாரோ நடந்ததை விவரித்துக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது அவள் என்னைத் திட்டவில்லை.

மறுநாள் பெண்ணின் தகப்பனார் பங்காளிகளோடு கம்பைநல்லூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போய் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொண்டு வந்தார். நான் கிழக்குத் தெருவில் எழுதினேன். மத்தியானத்துக்கு மேல் காற்றில் சீட்டுகள் பறந்ததால் நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.